கனடா பிஆர்: ஊருக்குப் போய்த் திரும்பிவர என்ன பத்திரங்கள் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாவோ மார்கழி விடுமுறையோ நெருங்கினால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டுக்கு வீடு சூட்கேஸ் நிறுக்கத் தொடங்கிவிடுவார்கள். பிஆர், அதாவது கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை, உள்ளவர்களிடமிருந்து எனக்குத் தொலைபேசி வருவதும் அந்த நேரத்தில்தான். நான் வழக்கறிஞர் இல்லை. சொந்தக்காரருக்கும் அயலவருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய ஆள், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நீங்கள் அகதியாக வந்து பிஆர் எடுத்தவர் என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, முதலில் அகதிகள் பற்றிய மூன்று கேள்விகளையும் வாசியுங்கள். அவை கீழே நடுப்பகுதியில் இருக்கின்றன.

கனடாவுக்குத் திரும்பப் பறக்க ஒரு பிஆருக்கு அடிப்படையில் என்ன வேண்டும்?

செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் பிஆர் காட். இந்த இரண்டும் இருந்தால் வேறு விசா எதுவும் தேவையில்லை. காட் இல்லை, அல்லது திகதி முடிந்துவிட்டது என்றால் அதற்குப் பதிலாக நிரந்தர வதிவிடப் பயணப் பத்திரம் வேண்டும். எல்லாரும் பிஆர்டிடி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். விமானத்துக்கு மட்டுமான விதி என்று நினைக்காதீர்கள். பஸ், ரயில், கப்பல் என்று ரிக்கற் எடுத்துக் கனடாவுக்குள் வருகிற எல்லாப் பயணத்துக்கும் இதுதான். 2003 டிசம்பர் 31 முதல் இந்த விதி இருக்கிறது. சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தால் விமான நிறுவனம் கனடா அரசுக்குப் பணம் கட்ட வேண்டி வரும், அதனால்தான் கவுன்டரில் நிற்கிற பிள்ளை அவ்வளவு கறாராகப் பார்க்கிறது. அந்தப் பிள்ளையோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

காட் திகதி முடிந்தால் பிஆரும் முடிந்துவிடுமா?

முடியாது. காட் என்பது அடையாள அட்டை. பிஆர் என்பது சட்டம் உங்களுக்குத் தந்த நிலை. காட் காலாவதியானதால் மட்டும் ஒருவருடைய பிஆர் போனதாகச் சரித்திரமே இல்லை. பிரஜாவுரிமை எடுத்தால் பிஆர் முடியும். நீங்களாகவே எழுதிக் கொடுத்துக் கைவிட்டால் முடியும். வதிவிடக் கடமையை, அதாவது கனடாவில் இருக்க வேண்டிய நாள் கணக்கை, நிறைவேற்றவில்லை என்று அதிகாரி தீர்மானித்து அது இறுதியானால், அல்லது வெளியேற்றும் உத்தரவு ஒன்று நடைமுறைக்கு வந்தால் முடியும். அகதி நிலை பறிக்கப்பட்டாலும் முடியும், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையக் கவுன்டரில் நிற்கும்போது இந்தச் சட்டம் உதவிக்கு வராது. என் மாமி தன் அண்ணாவின் செத்தவீட்டுக்கு என்று அவசரமாகப் போனவர், அந்தியேட்டி முடிய நின்றுவிட்டு இரவு விமானத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் வந்தார். கவுன்டரில் நின்ற பிள்ளை காட்டை வெளிச்சத்தில் பிடித்து, திகதி இருக்கிற இடத்தை விரல் நகத்தால் தொட்டுக் காட்டியதாம். பதினொரு நாளுக்கு முன்னர் முடிந்திருந்தது. மாமி பதினெட்டு வருடம் கனடாவில் இருந்தவர், வரி கட்டியவர், பென்ஷன் எடுக்கிறவர். "நான் பிஆர்தானே பிள்ளை" என்று அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்தப் பிள்ளை ஏற்ற முடியாது என்று சொன்னதும் சரி. பெட்டிகளோடு வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போய், பிஆர்டிடி கையில் கிடைக்க ஐந்து கிழமை எடுத்தது. பிரஷர் குளிசை பதினைந்தாம் நாளே முடிந்துவிட்டது. வயது போன ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்படியென்றால் பிஆர் நிலையைக் காப்பாற்ற நான் செய்ய வேண்டியது என்ன?

ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை, இரண்டு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கே என்று துண்டு துண்டாகவும் இருக்கலாம். எந்த ஐந்து வருடம் என்பதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். காட்டில் இருக்கிற ஐந்து வருடம் இல்லை. உங்களை அதிகாரி பரிசோதிக்கிற நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடம். அதனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருடம் சரியாக இருந்தவருக்கு இந்த வருடம் குறையலாம்.

பிஆர் கிடைத்து இன்னும் ஐந்து வருடம் ஆகாதவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மிச்சம் இருக்கிற காலத்தில் 730 நாளை எட்ட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் வந்து இறங்கி, அதில் 200 நாள்தான் இங்கே இருந்தீர்கள் என்றாலும், இன்னும் இரண்டு வருடம் இருப்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

வெளிநாட்டில் நின்ற நாளும் சில வேளை கணக்கில் சேரும். கணவனோ மனைவியோ கனேடியப் பிரஜை, அவரோடு சேர்ந்து வெளியே இருந்தீர்கள் என்றால் சேரும். சிறு பிள்ளை பிரஜையான தாய் அல்லது தகப்பனோடு இருந்தாலும் சேரும். கனேடிய நிறுவனம் ஒன்று முழுநேர வேலைக்கு வெளியே அனுப்பியிருந்தாலும் சேரும். பிரஜையாகிவிட்ட மகனோடு யாழ்ப்பாணத்தில் இருந்தேன் என்று தாய் சொன்னால் சேராது. இதைப் பல அம்மாமார் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், நாள்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன திகதி, வந்த திகதி. 2020 ஜூன் 25 முதல் விமானத்தில் வெளியேறுகிற ஆட்களின் விபரமும் எல்லைச் சேவையிடம் போகிறது. நீங்கள் மறந்ததை அவர்கள் மறக்க மாட்டார்கள். படிவத்தில் நினைவில் இருந்ததைக் குத்துமதிப்பாக எழுதி, அவர்களுடைய பதிவோடு பொருந்தாமல் போய், நேர்மையான ஆட்கள் விளக்கம் எழுதிக்கொண்டு திரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

காட்டை எப்போது புதுப்பிக்க வேண்டும்? விண்ணப்பம் போட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா?

காட் முடிய ஒன்பது மாதத்துக்குக் குறைவாக இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். 50 டொலர். படிவம் ஐஎம்எம் 5444, இணையத்திலேயே போடலாம். விண்ணப்பிக்கும்போது நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும், கொழும்பில் இருந்துகொண்டு ரொறன்ரோ விலாசத்தைப் போட்டு அனுப்புகிற வேலை வேண்டாம். விண்ணப்பம் போட்ட பிறகு வெளியே போகலாம், தடை இல்லை. ஆனால் புதுக் காட்டைக் குடிவரவுத் திணைக்களம் கனடா விலாசத்துக்கு மட்டும்தான் அனுப்பும். சில வேளை நேரில் வந்து எடு என்று கூப்பிடும்.

பழைய காட் திரும்பி வருகிற நாள் வரைக்கும் செல்லுபடியாக இருந்தால் தயங்காமல் போங்கள். இல்லையென்றால், புதுக் காட் வரும்வரை பொறுங்கள். "வீட்டுக்கு வரும், தம்பி அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருவான்" என்று நம்பி வெளிக்கிட்டவர்கள் சிலருக்கு அது சரிவந்திருக்கிறது, ஆனால் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தால் தம்பி என்ன செய்வார்?

அம்மா ஆஸ்பத்திரியில். காட் முடியப் போகிறது. பொறுக்க நேரம் இல்லையே?

அவசரப் பரிசீலனை கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் பயணம் இருக்க வேண்டும், காரணம் வலுவானதாக இருக்க வேண்டும்: குடும்பத்தில் மரணம், கடும் வருத்தம், உங்களுடைய சொந்த நோய், வேலையில் ஏற்பட்ட நெருக்கடி போன்றவை. ரிக்கற்றின் பிரதி, அதற்குப் பணம் கட்டிய அத்தாட்சி, ஏன் அவசரம் என்று ஒரு கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் அல்லது மரண அத்தாட்சி. இவற்றை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். கலியாணவீடு, கோவில் கும்பாபிஷேகம் எல்லாம் இதற்குள் வராது.

உண்மையிலேயே தாய் கடைசி மூச்சில் இருந்தால் நான் சொல்வது ஒன்றுதான். போங்கள். நாள் கணக்கு சரியாக இருக்கிற பிஆருக்கு பிஆர்டிடி கிடைக்கும், சில கிழமை கூடத் தங்க நேரிடும், அவ்வளவுதான். வேலை இடத்தில் சொல்லிவிட்டு, மருந்தை இரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொண்டு, வரி மதிப்பீட்டுக் கடிதம், வங்கிக் கூற்று, சம்பளத் துண்டு எல்லாவற்றையும் படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு போங்கள்.

பிஆர்டிடி எப்படி எடுப்பது?

கனடாவுக்கு வெளியே இருந்துதான் எடுக்கலாம், உள்ளே இருக்கிறவருக்குக் கொடுக்க மாட்டார்கள். விண்ணப்பப் படிவம், 50 டொலர், படம், கடவுச்சீட்டு, பிஆர் என்பதற்கு ஆதாரம், ஐந்து வருடத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கீகரித்த பிறகு கடவுச்சீட்டில் ஒட்டித் தருவார்கள். பெரும்பாலும் ஒரு தரம் உள்ளே வருவதற்கு மட்டும்தான், அதனால் வந்தவுடன் புதுக் காட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

பழைய கடவுச்சீட்டுகளை எறியாதீர்கள். ஐந்து வருடத்து முத்திரைகள் அதில்தான் இருக்கும். கடந்த 365 நாளுக்குள் ஒரு தரமாவது கனடாவில் இருந்திருந்தால் அதற்கான அத்தாட்சியைத் தனியாகக் காட்டுங்கள், ஏன் என்று அடுத்த பதிலில் விளங்கும்.

பிஆர்டிடி மறுத்துவிட்டால்?

மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். நாள் குறைந்ததற்கு மனிதாபிமானக் காரணம் இருந்தால் அவர்கள் அதைக் கேட்பார்கள். படுத்த படுக்கையான தாயைப் பார்த்தது, பிள்ளையின் வைத்தியம் போன்ற காரணங்களை, அந்தக் காலத்து மருந்துச் சிட்டையோடு காட்ட வேண்டும். மேன்முறையீடு போட்டவர் முந்தைய 365 நாளுக்குள் ஒரு தரமாவது கனடாவில் இருந்திருந்தால், அந்த வழக்குக்காகத் திரும்பி வர பிஆர்டிடி பெறுகிற உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 60 நாளைத் தவறவிட்டால் நிலை இறுதியாகிவிடும். கடிதம் வந்த அன்றைக்கே வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

அமெரிக்கா வழியாக வந்து எல்லையில் காரில் உள்ளே வரலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். தனியார் வாகனத்தில் தரை எல்லைக்கு வருகிற பிஆரிடம் காட் இல்லாவிட்டாலும், அவர் பிஆர்தான் என்று அதிகாரிக்குத் திருப்தி வந்தால் உள்ளே விட வேண்டும், அது சட்டம். சொந்தக் கார், இரவல் கார், வாடகைக் கார் எதுவும் பரவாயில்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால் விமானத்துக்கு உள்ள அதே விதிதான். பஃபலோவில் இறங்கி, ரொறன்ரோவிலிருந்து மருமகன் காரில் போய் ஏற்றிக்கொண்டு பீஸ் பிரிட்ஜ் வழியாக வந்த ஆட்கள் நிறைய.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். கனடா பிஆர் என்பதால் அதில் எந்த விலக்கும் கிடையாது. அடுத்தது, 730 நாள் குறைந்தவர் எல்லையில் கேள்வி கேட்கப்பட்டால் அதிகாரி அறிக்கை எழுதலாம், அங்கேயே வெளியேற்றும் உத்தரவும் வரலாம். அப்போதும் உள்ளே விடுவார்கள், ஆனால் மேன்முறையீட்டுக்கு 30 நாள்தான் இருக்கும்.

நான் அகதியாக வந்து பிஆர் எடுத்தவர். இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து ஊருக்குப் போகலாமா?

வேண்டாம். பிரஜாவுரிமை எடுக்கும் வரை வேண்டாம். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

காரணம் சொல்கிறேன். உங்களுக்கு அகதி நிலை கிடைத்தது, உங்கள் நாடு உங்களைப் பாதுகாக்காது என்பதை வைத்து. அந்த நாட்டின் கடவுச்சீட்டை நீங்களாகப் போய் எடுத்தால், அதன் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று சட்டம் ஊகிக்கும். அந்தக் கடவுச்சீட்டில் அதே நாட்டுக்கே போய்வந்தால் அந்த ஊகம் இன்னும் பலக்கும். உடனே அமைச்சர் தரப்பு, உங்கள் அகதி நிலை நின்றுபோனது என்று தீர்மானிக்கும்படி அகதிகள் பாதுகாப்புப் பிரிவில் விண்ணப்பம் போடலாம். முன்பெல்லாம் அகதி நிலை போனாலும் பிஆர் தப்பிவிடும். 2012 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. இப்போது அகதி நிலை போனால் பெரும்பாலும் பிஆரும் அதோடு போகும். 730 நாள் என்ன, மூவாயிரம் நாள் இருந்தாலும் போகும். மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழி இல்லை, மத்திய நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நீதி மீளாய்வுக்குப் போவதுதான் மிச்சம்.

ஆட்கள் என்னிடம் சொல்வது, "காட்டைப் புதுப்பித்துத் தந்தார்கள்தானே, அதில் போய்வரலாம் என்றுதானே அர்த்தம்?" என்று. இல்லை. காட்டைப் புதுப்பிக்கும்போது நாள் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். "சண்டை முடிந்துவிட்டதே" என்பதும் உதவாது. "துணைத் தூதரகம் ரொறன்ரோவிலேயே இருக்கிறது, அங்கே போய் எடுத்தால் என்ன?" என்பார்கள். அங்கே போய் எடுப்பதுதான் முதல் ஆதாரம். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டி, இலங்கை முத்திரையைப் பார்த்து, "எதற்காகப் போனீர்கள், எத்தனை நாள், எப்படிக் கனடாவுக்கு முதலில் வந்தீர்கள்?" என்று சாதாரணமாகக் கதை கேட்பது போலக் கேட்பார். பயணக் களைப்பில் சொல்கிற அந்தப் பதில் எழுத்தில் போகும்.

தாய் சாகக் கிடந்தார், போய்விட்டு வந்துவிட்டேன். இனி என்ன செய்வது?

முதலில், இன்னொரு தரம் போகாதீர்கள். அந்தக் கடவுச்சீட்டை வேறெந்தப் பயணத்துக்கும் பாவிக்காதீர்கள், புதுப்பிக்கவும் வேண்டாம். பிரஜாவுரிமை விண்ணப்பம், காட் புதுப்பித்தல் எதையும் போடுவதற்கு முன் அகதி வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் போய் முழுக் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். பணம் இல்லையென்றால் ஒன்ராறியோ சட்ட உதவியைக் கேளுங்கள்.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. 2022இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் கமாயோ என்ற வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கொலம்பியாவிலிருந்து சிறுவயதில் வந்த ஒரு பெண்ணின் வழக்கு. அகதி நிலை முடிந்ததா என்று பார்க்கும்போது கடவுச்சீட்டையும் முத்திரையையும் மட்டும் பார்த்தால் போதாது, இப்படிச் செய்தால் நிலை போகும் என்று அவருக்கு உண்மையில் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், ஆபத்து அரசிடமிருந்தா வேறு ஆட்களிடமிருந்தா, அங்கே நின்றபோது ஒளிந்து கவனமாக இருந்தாரா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதனால் ஆஸ்பத்திரிக் கடிதம், மரண அத்தாட்சி, எந்த வீட்டில் தங்கினீர்கள், யாரையெல்லாம் சந்திக்கவில்லை என்பதற்கான சத்தியக் கடதாசி எல்லாம் பெறுமதியானவை. ஊரில் உள்ளவர்களிடம் இப்போதே எடுத்து வையுங்கள்.

அப்படியென்றால் அகதியாக வந்தவர் எதில் பயணம் செய்வது?

கனடா தருகிற அகதிப் பயணப் பத்திரத்தில். நீல நிற மட்டை, கடவுச்சீட்டு மாதிரியே இருக்கும். எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தீர்களோ அந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லும். பல நாடுகளுக்கு விசா எடுக்க வேண்டும், அதில் சுணக்கமும் உண்டு. திரும்பி வர இதோடு பிஆர் காட்டும் வேண்டும், பயணப் பத்திரம் மட்டும் போதாது. தாய் தகப்பனை மூன்றாவது நாடு ஒன்றுக்கு வரச் சொல்லி இந்தப் பத்திரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், செலவு கூடினாலும் அதுதான் பாதுகாப்பு. நல்ல வழி பிரஜாவுரிமைதான். ஐந்து வருடத்தில் 1,095 நாள் சேர்ந்ததும் விண்ணப்பியுங்கள், ஒரு கிழமையும் பிந்தாதீர்கள். பிரஜையான பிறகு அகதி நிலை நின்றுபோனது என்று சொல்லி உங்களை அனுப்ப முடியாது. குடும்பப் பிரிவில் கணவனோ மனைவியோ கூப்பிட்டு வந்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்தப் பிரிவில் வந்தோம் என்று தெரியாதவர் வந்திறங்கிய காலத்துக் கடதாசியை எடுத்து வடிவாகப் பாருங்கள்.

என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. ஈடிஏ (விசா தேவையில்லாத விருந்தினர் எடுக்கும் இணையப் பயண அனுமதி) எடுத்துக்கொண்டு ஏறலாமா?

ஏற முடியாது. லண்டன், பாரிஸ், சூரிச் பக்கமிருந்து வந்து பிஆர் எடுத்த நம்மவர்கள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். கனடா பிஆர் ஒருவருக்கு ஈடிஏ கிடைக்காது. பிஆர் எடுத்து இருபது வருடத்துக்கு முன்னரே ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனவருக்கும் கிடைக்காது, ஏனென்றால் அவர் இன்னும் பிஆர் என்றுதான் கணினியில் இருக்கிறார். அவர் பிஆர்டிடி எடுக்க வேண்டும், அல்லது பிஆரை முறைப்படி கைவிட்டுவிட்டு விருந்தினராக வர வேண்டும். தங்கை கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் இதைக் கண்டுபிடித்தால் நேரம் போதாது.

புதிதாக வந்திறங்கினேன், இன்னும் காட் வரவில்லை. ஒரு தரம் ஊருக்குப் போய்வரலாமா?

போகலாம், ஆனால் வரும்போது பிஆர்டிடி எடுக்க வேண்டி வரும். நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தைக் காட்டி விமானம் ஏற முடியாது. வந்த 180 நாளுக்குள் கனடா விலாசத்தைக் கொடுத்துவிட்டால் முதல் காட் இலவசம். அது வரும்வரை பொறுப்பது நல்லது.

ஊரில் நிற்கும்போது பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் கூட்டி வரலாமா?

பெற்றோர் இருவரும் பிஆர் என்றால், கனடாவுக்கு வெளியே பிறந்த பிள்ளை பிரஜையும் இல்லை, பிஆரும் இல்லை. விசா எடுத்துக் கூட்டி வரலாம், அல்லது ஸ்பொன்சர் செய்ய வேண்டும். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக நினைக்கிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள், மாதக்கணக்கில் இழுபடும். கனடாவில் பிறந்த பிள்ளைக்குக் கனேடியக் கடவுச்சீட்டு. பிஆராக வந்த பிள்ளைக்குத் தனிக் காட், பெற்றோரின் காட்டில் அவரை ஏற்ற முடியாது. தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு பயணம் செய்தால் மற்றவரின் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் ஒன்று வைத்திருங்கள்.

வழியில் விமானம் மாறும்போது விசா வேண்டுமா?

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விமான நிலையங்களில் மாறுவதற்கே விசா வேண்டும், பிரித்தானியாவிலும் அப்படித்தான். ஆனால் செல்லுபடியாகும் கனடா பிஆர் காட் உள்ளவருக்கு விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கு இரண்டு இடத்திலும் விலக்கு உண்டு. பிஆர்டிடியில் வருகிறவர் இந்த விலக்கை நம்பி ரிக்கற் போட வேண்டாம், வளைகுடா வழியாக வாருங்கள், தலையிடி குறைவு. அமெரிக்காவில் மாறினால் பிஆர் காட் இருந்தாலும் அமெரிக்க விசா கட்டாயம். இணையத்தில் மலிவான ரிக்கற் என்று நியூயோர்க் வழியாகப் போட்டுவிட்டுப் பிறகு பணத்தை இழந்த ஆட்கள் எனக்குத் தெரியும்.

கடவுச்சீட்டில் ஒரு பெயர், காட்டில் முன்னுக்குப் பின்னாக இருக்கிறது. பிரச்சினையா?

நமக்கென்றே உள்ள பிரச்சினை இது. தகப்பன் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும், கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் வந்து சேரும், தமிழ்நாட்டுக்காரருக்கு முதலெழுத்து விரிந்து ஒரு முழுப்பெயராக நிற்கும். ரிக்கற் எப்போதும் கடவுச்சீட்டில் இருக்கிறபடி. காட்டில் வேறுமாதிரி இருந்தால் கலியாணப் பதிவுப் பத்திரத்தையோ பெயர் மாற்றப் பத்திரத்தையோ மொழிபெயர்ப்போடு கையில் வைத்திருங்கள்.

பிரஜாவுரிமை எடுத்துவிட்டேன். பழைய பிஆர் காட் இன்னும் கையில் இருக்கிறது, அதில் வரலாமா?

முடியாது. சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றே நீங்கள் பிஆர் இல்லை. கனேடியக் கடவுச்சீட்டு வரும்வரை பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இந்தியர் என்றால் அன்றோடு இந்தியக் கடவுச்சீட்டையும் பாவிக்கக் கூடாது, ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) அல்லது விசா எடுக்க வேண்டும். இலங்கையர் இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம், தானாக வராது.

ஊரில் வைத்துக் காட் துலைந்துவிட்டது?

பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள், திணைக்களத்துக்கு அறிவியுங்கள், பிஆர்டிடிக்கு விண்ணப்பியுங்கள். காட்டின் இரண்டு பக்கத்தையும் வெளிக்கிட முன்னர் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை குறையும். திரும்பி வந்து புதுக் காட்டுக்குப் போடும்போது ஐஎம்எம் 5451 என்ற பிரகடனத்தையும் சேர்க்க வேண்டும்.

அம்மா தனியாக வருகிறார், ஆங்கிலம் தெரியாது. என்ன கொடுத்துவிட வேண்டும்?

ஒரு சின்னச் சிப் பை. அதற்குள் கடவுச்சீட்டு, காட், ரிக்கற் அச்சுப் பிரதி, கனடா விலாசம், உங்கள் தொலைபேசி இலக்கம், மருந்துச் சிட்டை. பையைக் கழுத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள், பெட்டிக்குள் வைக்க வேண்டாம். கவுன்டரில் கேட்டால் பையை அப்படியே நீட்டினால் போதும். ரிக்கற் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், நடக்கக்கூடியவர் என்றாலும் கேளுங்கள், மாறுகிற இடத்தில் கூட்டிப் போய் விடுவார்கள். என் மாமி இப்போது ஒவ்வொரு தரமும் வெளிக்கிட முன்னர் அந்தப் பையைத் திறந்து, காட்டை ஜன்னல் பக்கம் பிடித்துத் திகதியைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் மூடுவார். பிறகு எனக்கும் ஒரு தரம் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார்.